மூலப்பொதிக்குள் ஒளிந்திருக்கும் இருமக் கோப்புகள்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பொதி கட்டுமுன் மூலநிரல் பொதியை விரித்து, யாரோ முன்பே கட்டிப்போட்ட ஜார், டிஎல்எல், வாஸம் போன்ற இருமக் கோப்புகள் (கணினி ஓட்டும் வடிவில் உள்ளவை) உள்ளே கிடக்கின்றனவா என்று தேடுங்கள். பெயரின் வாலை நம்ப வேண்டாம். கோப்பின் உண்மையான வகையைச் சொல்லும் ‘ஃபைல்’ கட்டளையை எல்லாவற்றின் மீதும் ஓட்டுங்கள். சோதனைத் தரவுதானே என்றும் விட்டுவிடாதீர்கள். 2024இல் அம்பலமான எக்ஸ்ஸெட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் பின்கதவு (கள்ளத்தனமாக நுழைய வைத்த வழி; 5.6.0, 5.6.1 பதிப்புகள்) சோதனைக் கோப்புகளுக்குள்தான் பதுங்கியிருந்தது.

அகப்பட்டவற்றை டெபியன் அடைவிலுள்ள காப்பிரைட் கோப்பில், ‘ஃபைல்ஸ்-எக்ஸ்குளூடட்’ புலத்தில் எழுதுங்கள். யூஸ்கேன் என்ற கருவி மூலமென்பொருளின் புதிய வெளியீட்டை இறக்கும்போது அவற்றை நீக்கி மறுபடி சுருக்கித் தரும். உரிமச் சிக்கலுக்காகவோ மூலநிரல் இல்லாததாலோ நீக்கினால் பதிப்பெண்ணோடு ‘+டிஎஃப்எஸ்ஜி’ (டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிமுறையின் சுருக்கம்), வேறு காரணமென்றால் ‘+டிஎஸ்’. வால் ஆங்கில எழுத்தில்தான், சொல்லத் தேவையில்லை.

நீக்கியதும் கட்டுமானம் உடைந்தால் கவலை வேண்டாம். எது உண்மையில் தேவைப்பட்டது என்று இப்போதுதான் தெரிகிறது. அதே நூலகம் டெபியன் களஞ்சியத்தில் இருந்தால், கட்டத் தேவையானவற்றைப் பட்டியலிடும் ‘பில்ட்-டிபென்ட்ஸ்’ வரியில் சேருங்கள். பதிப்பு ஒத்துவராவிட்டால் ஒட்டு (நிரலைத் திருத்தும் பேட்ச்) போட வேண்டியிருக்கும். அதிக நேரம் தின்பது இதுதான். களஞ்சியத்திலேயே இல்லையென்றால் முதலில் அதற்குத் தனிப்பொதி.

கிரேடில், என்பிஎம் போன்ற கருவிகள் கட்டும்போதே இணையத்திலிருந்து இருமங்களை இறக்கும். வெள்ளவத்தை வீட்டு ஃபைபரில் சுகமாக ஓடியது, வலையில்லாத கட்டுமானச் சூழலில் விழுந்துவிடும். சார்புகளை (கட்டத் தேவையான பிற பொதிகளை) நிறுவி முடித்ததும் வைஃபையை அணைத்துவிட்டுக் கட்டிப் பாருங்கள்.

மூலநிரலற்ற ஃபேர்ம்வேரை (வன்பொருளை இயக்கும் உள்நிரலை) களஞ்சியத்தின் பிரதானப் பிரிவில் வைக்க முடியாது. மறுவிநியோகத்துக்கு உரிமம் இடங்கொடுத்தால், டெபியன் 12இலிருந்து அதற்கென ‘நான்-ஃப்ரீ-ஃபேர்ம்வேர்’ பிரிவு உண்டு.