அதிகம் மெனக்கெடாமல் வளர்க்க எந்த மரம்?

நாற்று வாங்கும்போது அது இன்று எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்பதைவிட, முழுதாக வளர்ந்தபின் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். இடத்துக்குள் அடங்காத மரத்தைத்தான் வருடா வருடம் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஆல், அரசு இரண்டும் சுவர் பக்கம் வேண்டவே வேண்டாம். அவற்றின் வேர் சுவர் விரிசலிலும் குழாயிலும் புகுந்துவிடும். வேம்பு அருமையான மரம், ஆனால் 15 மீட்டருக்கு மேலும் வளரும். இடம் தாராளமாக இருந்தால் மட்டும் வையுங்கள்.

சின்ன இடத்துக்கு என் தேர்வு மாதுளையும் சீத்தாவும். இரண்டும் உயரமாகப் போகாது, வறட்சியையும் தாங்கும். வறண்ட காலத்தில் சீத்தா இலையைக் கொட்டிவிடும். பட்டுப்போய்விட்டது என்று அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள், பாவம்! முருங்கை மளமளவென்று வளரும். ஆனால் கிளை காற்றில் முறியும், கம்பளிப்பூச்சி வரும், அவ்வப்போது கிளைகளை வெட்டிக் கவாத்தும் செய்ய வேண்டும். வேலை வேண்டாம் என்பவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

அப்புறம், எந்த மரமானாலும் முதல் ஓரிரு வருடம் தண்ணீர் விட்டே ஆக வேண்டும். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு மண் ஆழமாக நனையும்படி ஊற்றினால் வேர் கீழே இறங்கும். மரத்தடியில் காய்ந்த இலைகளை 5 முதல் 10 செ.மீ. தடிமனுக்குப் பரப்பினால் ஈரமும் நிற்கும், களையும் குறையும். தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள், பட்டை அழுகிவிடும்.