வரைந்த கோடு சுவராகும் வரை: பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) பயிற்சி செமஸ்டருக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் சிறியதாக ஓர் அலுவலகம் வைத்திருக்கிறேன். வீடுகள், ஒன்றிரண்டு கல்யாண மண்டபங்கள், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைச் சீர்செய்யும் வேலை என்று ஓடுகிறது. வாரத்தில் ஒரு நாள் கல்லூரியில் ஸ்டுடியோ வகுப்பு எடுக்கப் போவேன். அதனால் ஒரே மாணவியை இரண்டு இடத்திலும் பார்க்கிறேன். ஜூரியில் (ஆசிரியர்கள் முன் டிசைனை விளக்கும் மதிப்பீட்டில்) தன் டிசைனைப் பற்றித் தடையில்லாமல் பேசியவள், பயிற்சிக்கு வந்த முதல் மாதம் சைட்டில் வாய் திறக்காமல் நிற்பாள். "படிச்சதுக்கும் இங்க நடக்கிறதுக்கும் சம்பந்தமே தெரியல மேடம்" என்பாள்.

சம்பந்தம் இருக்கிறது. எடுத்துக் காட்டத்தான் ஆள் இல்லை. அலுவலகத்தில் கற்றுக்கொள்வார்கள் என்று கல்லூரி விட்டுவிடுகிறது. படித்துவிட்டுத்தானே வந்திருப்பார்கள் என்று அலுவலகம் கணினியில் வரைந்த ஒரு கேட் (CAD) ஃபைலைக் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்லிவிடுகிறது. நடுவில் இருக்கும் அந்த ஒரு செமஸ்டரில் இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள். அதற்கு என் அலுவலகத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: நீங்கள் வரைந்த சின்னப் பொருள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது கட்டி முடியும் வரை கூடவே போங்கள். பத்து ப்ராஜெக்ட்டில் கை வைப்பதைவிட இது மேல்.

எந்த அலுவலகத்தில் சேர்வது?

பெயர் பெற்ற அலுவலகமா, சின்ன அலுவலகமா என்று குழம்புகிறார்கள். நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. "இப்போது அஸ்திவாரத்தில் ஒரு வேலை, ரூஃப் போடும் நிலையில் ஒரு வேலை, பூச்சு வேலையில் ஒன்று என்று நடக்கிறதா? வாரத்தில் எத்தனை நாள் சைட்டுக்கு அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். மூன்று நிலையிலும் வேலை ஓடும் அலுவலகம் கிடைத்தால், ஒரு வீடு முழுதாக எழும்புவதை ஒரே செமஸ்டரில் துண்டு துண்டாகவேனும் பார்த்துவிடலாம். த்ரீடி படம் மட்டும் செய்துகொடுக்க ஆள் தேடும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அலுவலகத்தை நடத்துகிறவர் கவுன்சில் ஆஃப் ஆர்கிடெக்சரில் பதிவு செய்தவரா என்றும் பாருங்கள். சிஏ என்று தொடங்கி, ஆண்டும் எண்ணும் சேர்ந்த பதிவு எண் ஒவ்வொருவருக்கும் உண்டு. கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். 1972-ஆம் ஆண்டு ஆர்கிடெக்ட்ஸ் சட்டப்படி, பதிவு இல்லாதவர் ஆர்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. உங்கள் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர். உதவித்தொகை எவ்வளவு என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சைட்டின் வரிசை வேறு

கல்லூரியில் பிளான், செக்‌ஷன், எலிவேஷன், முடிந்த வீட்டைக் காட்டும் வியூ என்று வரைந்து பழகிவிட்டோம். எலெக்ட்ரிக்கல் டிராயிங் என்பது சமர்ப்பிக்கும் நாளின் முந்தைய இரவில் அவசரமாகச் செருகுவது. சைட்டில் அந்த டிராயிங்குக்கு இருக்கும் மதிப்பைப் பாருங்கள். ரூஃப் கான்கிரீட் போடும் முன்பே கம்பிகளுக்கு இடையே பைப் ஓடியிருக்க வேண்டும், ஃபேன் பாக்ஸ் வைத்திருக்க வேண்டும். ஃபேன் எங்கே என்பது கட்டில் எங்கே என்பதைப் பொறுத்தது. ஆக, வீட்டுக்குச் சுவரே முழுதாக எழும்பாத காலத்தில் ஒருவர் எந்தத் திசையில் தலைவைத்துப் படுப்பார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாணவர்கள் பிளானில் கட்டில் போடுவதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அந்தக் கட்டில்தான் ஃபேனின் இடத்தைச் சொல்கிறது.

வாசக்காலும் அப்படித்தான். நம் ஊரில் நிலை வைப்பதற்கு நாள் பார்ப்பார்கள், பூஜை உண்டு, உறவினர்கள் வருவார்கள். அந்தத் தேதியை முடிவு செய்வது பஞ்சாங்கம். அதற்குள் ஆசாரி தேக்கு வாங்கி, அறுத்து, இழைத்து, நிலையைக் கூட்டியிருக்க வேண்டும். அவருக்கு அளவு போயிருக்க வேண்டிய நாளைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவு அட்டவணையை ஏன் அவ்வளவு சீக்கிரம் கேட்கிறார்கள் என்று புரியும்.

சேர்ந்த முதல் வாரமே இதைச் செய்யுங்கள். அலுவலகத்தில் முடிந்துபோன ஒரு வீட்டின் டிராயிங் கட்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தாளும் எந்தத் தேதியில் சைட்டுக்குப் போனது, அன்று அங்கே என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். காலம் (தூண்) மார்க்கிங் முதலில் வரும். நீங்கள் கல்லூரியில் அதிகம் உழைத்த வியூ, அந்தப் பட்டியலில் எங்குமே இருக்காது. வீட்டுக்காரரோடு பேசும்போது அது தேவைப்பட்டது, மேஸ்திரிக்குத் தேவைப்படவில்லை.

படிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள்

கூடவே போக எதைத் தேர்வு செய்வது என்று கேட்டால் நான் படிக்கட்டைத்தான் சொல்வேன். கழிப்பறையும் நல்லதுதான், ஸ்லாப்பை (கான்கிரீட் தளத்தை) தாழ்த்துவது, தண்ணீர் வாட்டம், டைல்ஸ் வெட்டு எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் படிக்கட்டு உடம்போடு நேரடியாகப் பேசுகிறது. ஒரு படி கொஞ்சம் மாறினாலும் கால் கண்டுபிடித்துவிடும்.

தரைக்கும் மேல் தரைக்கும் 3150 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்குப் படி உயரம் 190 மி.மீ.-க்கு மேல் போகக்கூடாது, மிதி (கால் வைக்கும் அகலம்) 250 மி.மீ.-க்குக் குறையக்கூடாது என்கிறது. 18 ஏற்றமாக (படி உயரமாக) பிரித்தால் ஒன்றுக்கு 175 வருகிறது. இரண்டு வரிசை, வரிசைக்கு 9 ஏற்றம், 8 மிதி. மிதி 250 என்றால் ஒரு வரிசையின் நீளம் 2000. நடு லேண்டிங் (படி திரும்பும் தளம்) 1575 உயரத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே கழிப்பறைக்கு வழி விடலாம் என்று நினைக்காதீர்கள்; படிக்கு அடியில் நடைபாதை விட்டால் 2.2 மீட்டர் தலையுயரம் வேண்டும். இது வரைக்கும் கல்லூரியிலேயே கற்றிருப்பீர்கள்.

இனிதான் சைட். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகையும் முட்டும்) அடிக்கும் நாளில் போய் நில்லுங்கள். கான்கிரீட் படிகள் எல்லாம் 175 என்று கச்சிதமாகப் போட்டாயிற்று. பிறகு படிக்கு மேல் கிரானைட்; படுகையோடு (அடியில் போடும் கலவையோடு) சேர்த்து 40 மி.மீ. தரையில் டைல்ஸ்; படுகையோடு 50 மி.மீ. கணக்குப் போடுங்கள். முதல் படியில் 40 ஏறுகிறது, அதற்குக் கீழே இருக்கும் தரையில் 50 ஏறுகிறது. முதல் ஏற்றம் 165 ஆகிவிட்டது. மேலே கடைசிப் படியில் 40, மேல் தரையில் 50. கடைசி ஏற்றம் 185. நடுவில் எல்லாம் 175. மேலே போகிறவர் கடைசிப் படியில் இடறுவார். வயதானவர் இருக்கும் வீட்டில் இது விளையாட்டான விஷயம் இல்லை.

இதைத் தவிர்க்க, கான்கிரீட் போடும் முன்பே மேல்பூச்சு எது, எவ்வளவு கனம் என்று முடிவாகியிருக்க வேண்டும். செக்‌ஷனில் கான்கிரீட் மட்டம் ஒரு கோடு, முடிந்த மட்டம் இன்னொரு கோடு என்று இரண்டும் இருக்க வேண்டும். இதே கணக்கில், முதல் கான்கிரீட் ஏற்றத்தை 185 ஆகவும் கடைசியை 165 ஆகவும் போட்டால் முடிவில் எல்லாப் படியும் 175 ஆகும். அந்த இரண்டு எண்களும் உங்கள் டிராயிங்கில் இருந்தால், உங்களுக்குக் கட்டத் தெரியும் என்று மேஸ்திரி அந்த நிமிடமே புரிந்துகொள்வார்.

கம்பி கட்டிய பிறகு ஒருமுறை, கான்கிரீட் போடும் நாளில் ஒருமுறை, சென்ட்ரிங் பிரித்த பிறகு ஒருமுறை, கிரானைட் ஒட்டியதும் ஒருமுறை போங்கள். ஒவ்வொரு முறையும் டேப் வைத்து அளந்து, வரைந்த அளவுக்குப் பக்கத்தில் கட்டிய அளவை வேறு நிறத்தில் எழுதுங்கள். சென்ட்ரிங்கை எப்போது பிரிக்கலாம் என்பதையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456, சாதாரண சிமென்ட்டுக்கு, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ஸ்லாபின் முட்டுகளை 7 நாள் கழித்து எடுக்கலாம் என்கிறது. அதற்கு மேல் போனால் 14 நாள். சைட்டில் என்ன செய்கிறார்கள், ஏன் என்று கேட்டு எழுதுங்கள். இன்று வரும் சிமென்ட்டில் பெரும்பாலும் பிபிசி (PPC, போர்ட்லேண்ட் போசோலானா சிமென்ட்) என்றிருக்கும். அதற்கு நாள் கூட வேண்டும் என்று மேஸ்திரி காரணத்தோடு சொன்னால், அது உங்கள் பாடப்புத்தகத்தின் அடுத்த பத்தி.

மேஸ்திரியிடம் பேசுவது

நீங்கள் மி.மீ.-இல் வரைகிறீர்கள், அவர் அடி, அங்குலம், நூல் என்று வேலை செய்கிறார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஏறக்குறைய 3 மி.மீ. 230 என்றால் ஒன்பது இன்ச் சுவர், 115 என்றால் நாலரை இன்ச். சைட் டிராயிங்கில் இரண்டு அளவையும் எழுதுங்கள். அதற்கு ஆகும் பத்து நிமிடம் ஒரு சுவரை இடித்துக் கட்டுவதைத் தடுக்கும்.

"அண்ணே, இது ஏன் இப்படி?" என்று கேட்டால் எந்தக் கொத்தனாரும் சொல்லித்தருவார். "டிராயிங்ல இப்படித்தான் இருக்கு" என்று நின்றால் அவரும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தன் வழியில் கட்டுவார். ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், மட்டம் பார்க்கும் டியூப் எல்லாவற்றையும் ஒருமுறையாவது உங்கள் கையால் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் நிறைந்த ஒரு டியூபை வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒரே மட்டத்தைக் கொண்டுபோவதைப் பார்த்தவர்களுக்கு, செக்‌ஷனில் போடும் லெவல் குறி வெறும் முக்கோணமாகத் தெரியாது. பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று: சைட்டில் "பாப்பா, நீ நிழல்ல உட்காரு" என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டுச் சாரத்தில் ஏறுங்கள்.

கணக்கும் டிசைன்தான்

எஸ்டிமேட் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். 1000 சதுர அடி ரூஃப், 5 அங்குலக் கனம். ஏறக்குறைய 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர் கான்கிரீட். சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவையில் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட். ஸ்லாபுக்கு மட்டும் 94 மூட்டை. கனத்தை ஓர் அங்குலம் கூட்டிப் பாருங்கள். இன்னும் 19 மூட்டை சிமென்ட், கூடவே கிட்டத்தட்ட 6 டன் எடை. அந்த எடை பீம், காலம், அஸ்திவாரம் எல்லாவற்றின் மேலும் இறங்குகிறது. நடுவில் ஒரு தூண் வேண்டாம் என்று ஸ்டுடியோவில் அழித்த முடிவுக்கு இங்கே விலை தெரிகிறது. சில சமயம் அந்த விலை கொடுக்கத் தகுந்ததுதான். ஆனால் எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும். ஒரு குடும்பம் ஆயுள் முழுக்கச் சேர்த்த பணமும் இருபது வருட வங்கிக் கடனும் நம் தாளில் ஓடும் கோடுகளாக மாறுகின்றன. எனக்கு இதில் சமரசம் கிடையாது.

நீங்கள் பின்தொடரும் படிக்கட்டுக்குக் கான்கிரீட், கம்பி, சென்ட்ரிங், கிரானைட், கைப்பிடி என்று முழுக் கணக்கும் போடுங்கள். பிறகு ஒப்பந்ததாரரின் பில் வரும்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் எங்கே வருகிறது என்று தேடும் அந்த ஒரு மதியம், எஸ்டிமேட் பாடத்தையே திரும்பப் படித்ததற்குச் சமம்.

விதிகளை நீளமாக எழுதப்போவதில்லை. 2019-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை இறக்கிக்கொண்டு, உங்கள் மூன்றாம் ஆண்டு டிசைன் ஒன்றை அதில் போட்டுச் சோதியுங்கள்: பக்க இடைவெளி, தளப்பரப்பு விகிதம், வண்டி நிறுத்தம், மழைநீர்த் தொட்டி. 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு 2024 முதல் சுயசான்று முறையில் உடனடி அனுமதி உண்டு. அதிகாரி வந்து பார்த்துத் திருத்துவார் என்ற எண்ணம் இனி உதவாது.

கல்லூரிக்குத் திரும்பும்போது

பெரும்பாலானவர்கள் பயிற்சி அறிக்கை என்று அலுவலகத்தின் அழகான படங்களை ஒட்டிக் கொடுக்கிறார்கள். அதற்குப் பதில் அந்த ஒரு படிக்கட்டைக் கொடுங்கள்: முதலில் வரைந்தது, திருத்தியது, கம்பி கட்டியபோது எடுத்த படம், கட்டிய அளவு, கணக்கு, பில், மேஸ்திரி சொன்ன காரணங்கள். அடுத்த செமஸ்டரின் தீசிஸில் (இறுதி டிசைன் ப்ராஜெக்ட்டில்) ஏதாவது ஓர் இடத்தை இதே ஆழத்துக்கு வரையுங்கள். முழுக் கட்டடத்தையும் அப்படி வரைய நேரம் இருக்காது. ஓர் இடம் போதும். ஜூரியில் எவராவது "இதை எப்படிக் கட்டுவீர்கள்?" என்று கேட்டால், அந்தத் தாளை முன்னால் வையுங்கள்.

என்னைப் போல வகுப்பெடுக்கும் ஆர்கிடெக்ட்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சைட்டில் வேலை செய்யும் ஒரு மேஸ்திரியை, அன்றைய கூலியைக் கொடுத்து, ஒரு நாள் ஜூரிக்கு அழைத்து வாருங்கள். நாற்காலியை முன்வரிசையில் போடுங்கள்.

கிளம்பும் வாரத்தில் மாணவர்கள் மறக்கக்கூடாதவை: ஆர்கிடெக்ட்டின் பதிவு எண்ணோடு கையெழுத்திட்ட சான்றிதழ், வாரவாரம் எழுதிய நாட்குறிப்பில் அவர் கையொப்பம், எந்த டிராயிங்குகளை உங்கள் போர்ட்ஃபோலியோவில் சேர்க்கலாம் என்று எழுத்தில் அனுமதி. வீட்டுக்காரரின் பெயரையும் முகவரியையும் அந்தத் தாள்களிலிருந்து எடுத்துவிடுங்கள். மேஸ்திரியின் கைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீசிஸ் நேரத்தில் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கூப்பிடப்போகிறீர்கள்.