மரபணுத்தொகுதியை வீட்டுக் கணினியிலேயே படிக்கத் தொடங்குவது எப்படி

பேத்தை மீன், டுரியான், சார்ஸ் கிருமி ஆகிய மூன்றின் மரபணுத்தொகுதிகளையும், அதாவது ஒவ்வொன்றின் மரபுத்தகவல் முழுவதையும் எழுத்து வரிசையாக, வாசித்ததில் சிங்கப்பூர் ஆய்வாளர்களுக்குப் பங்கு உண்டு. அந்த வரிசைகளைப் பார்க்க புவன விஸ்தாவிலுள்ள பயோபோலிஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைக்க வேண்டியதில்லை. வட்டார நூலகக் கணினி ஒன்றே போதும். தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் தாமே செய்து பார்க்கட்டும் என்பதற்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

கிருமியிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் அதுவே மிகச் சிறியது. மரபணு வரிசைகளைச் சேமித்து வைக்கும் அமெரிக்காவின் என்சிபிஐ இணையத்தளத்தில் பதிவு செய்யாமலேயே இலவசமாகத் தேடலாம். ஐரோப்பிய, ஜப்பானிய தரவு வங்கிகளும் அதனுடன் நாள்தோறும் தரவுகளைப் பரிமாறிக்கொள்வதால் எங்கு தொடங்கினாலும் பெரிய வேறுபாடு இருக்காது. ‘நியூக்ளியோடைட்’ பிரிவைத் தெரிவுசெய்து, என், சி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள், ஓர் அடிக்கோடு, அதன்பின் 045512.2 என்று தட்டச்சு செய்தால், கொவிட்-19 கிருமியின் மேற்கோள் வரிசை, அதாவது மற்றவற்றை ஒப்பிட அடிப்படையாகக் கொள்ளும் வரிசை, திறக்கும். அதன் நீளம் 29,903 எழுத்துகள்; ஏ, சி, ஜி, டி என்னும் ஒவ்வோர் எழுத்தும் ஒரு வேதிக்கூறைக் குறிக்கும். இது ஆர்என்ஏ கிருமியாக இருந்தும், ‘யு’ வரவேண்டிய இடத்தில் ‘டி’ என்றே அச்சிட்டிருப்பார்கள். தரவு வங்கிகளின் வழக்கம் அதுதான், பிழையன்று.

பக்கத்தின் வலப்புறத்தில் காட்டவேண்டிய பகுதியை மாற்றும் வசதி உண்டு. அதில் 21563 முதல் 25384 வரை என்று கொடுத்து, வரிசையை வெறும் எழுத்துகளாகக் காட்டும் ‘ஃபாஸ்டா’ வடிவில் திறவுங்கள். கிருமியின் கூர்முனைப் புரதத்துக்குரிய மரபணு அது. முதல் மூன்று எழுத்துகள் ஏ, டி, ஜி என்றும் கடைசி மூன்று டி, ஏ, ஏ என்றும் இருப்பதைக் கண்ணால் பாருங்கள். முன்னது தொடக்கக் குறி, பின்னது நிறுத்தக் குறி. 3,822 எழுத்துகளை மூன்று மூன்றாகப் பிரித்தால் 1,274 சொற்கள் வரும், நிறுத்தக் குறியைக் கழித்தால் 1,273 அமினோ அமிலங்கள். இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்த மாணவருக்கு மரபணு என்பது அதன்பின் பாடநூல் படமாக மட்டும் இருக்காது.

அடுத்தது ஒப்பீடு. ‘பிளாஸ்ட்’ என்னும் தேடுகருவியில் இரண்டு வரிசைகளை ஒப்பிடும் கட்டத்தைத் தெரிவுசெய்து, முதலில் பார்த்த முழு வரிசையையும், முன்போலவே என், சி, அடிக்கோடு ஆகியவற்றின்பின் 004718.3 என்னும் எண்ணுள்ள 2003ஆம் ஆண்டின் சார்ஸ் கிருமி வரிசையையும் கொடுங்கள். அவ்வாண்டு சிங்கப்பூரில் 238 பேரைத் தொற்றி 33 பேரின் உயிரைப் பறித்த நோயின் கிருமி அது. கருவி இயல்பாகவே மிக நெருங்கிய வரிசைகளுக்கான ‘மெகாபிளாஸ்ட்’ முறையில் இருக்கும். அதை ‘பிளாஸ்ட்என்’ முறைக்கு மாற்றுங்கள். இரு கிருமிகளும் ஒட்டுமொத்தமாக ஏறத்தாழ 79 விழுக்காடு ஒத்திருப்பவை என்றாலும், திரையில் அதைவிடக் கூடுதலான எண் தோன்றக்கூடும். காரணம், கருவி சொல்லும் ஒற்றுமை விழுக்காடு பொருந்திய பகுதிகளுக்குள் மட்டும் கணக்கிடப்படுவதாகும். பொருந்திய பகுதி முழு வரிசையில் எவ்வளவு என்பதை அருகிலுள்ள ‘குவரி கவர்’ பத்தி காட்டும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மாணவி ஒருவரின் பள்ளித் திட்டத்தில் 98 விழுக்காடு என்ற எண்ணைக் கண்டு நானும் அவரும் செடியின் இனத்தையே முடிவு செய்துவிட்டோம். பொருந்தியது வரிசையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது, எழுதிய அறிக்கையை முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று.

விலங்குகளுக்கு வரும்போது முறை மாறுகிறது. பேத்தை மீன் வகையான ஃபுகுவின் தொகுதி ஏறத்தாழ 40 கோடி எழுத்துகள் கொண்டது, மனிதத் தொகுதியில் எட்டில் ஒரு பங்கு. மரபணுக்கள் குறைவில்லாமல் அவற்றுக்கு இடையிலும் உள்ளேயுமுள்ள வெற்றிடங்கள் மட்டும் சுருங்கியிருப்பதால்தான் உயிரியலாளர் சிட்னி பிரென்னர் அதை ஆய்வுக்குப் பரிந்துரைத்தார். சிங்கப்பூர் ஆய்வாளர்களும் இடம்பெற்ற அனைத்துலகக் குழு 2002இல் அதை வெளியிட்டது. மனிதனுக்கும் மீனுக்கும் இடையே டிஎன்ஏ எழுத்துகளை ஒப்பிட்டால் பலவேளைகளில் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் லூசின் என்னும் ஒரே அமினோ அமிலத்தை ஆறு வகையாக எழுதலாம். ஆகவே புரத வரிசையை எடுத்து ‘பிளாஸ்ட்பி’ முறையில் தேடுங்கள். இன்சுலினை வைத்துச் செய்து பார்த்தால், அதன் ஏ, பி என்னும் இரு சங்கிலிகள் நெருங்கி ஒத்திருப்பதும், முதிர்ச்சியின்போது வெட்டி எறியப்படும் நடுப்பகுதி வெகுவாக மாறியிருப்பதும் தெளிவாகத் தெரியும்.

தாவரங்களைக் கடைசியில் வையுங்கள். தேசியப் புற்றுநோய் நிலைய ஆய்வாளர்கள் தலைமையில் 2017இல் வெளியான முசாங் கிங் டுரியான் தொகுதி சுமார் 73 கோடியே 80 லட்சம் எழுத்துகளும் ஏறத்தாழ 46,000 மரபணுக்களும் கொண்டது. அதில் பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். கந்தக வாசனைக்குக் காரணமான எம்ஜிஎல் மரபணுவே பல படிகளாக (நகல்களாக) பெருகியிருப்பதால், தேடலில் முதலில் வரும் முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், எல்லாப் படிகளையும் குறித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு வரிசையின் எண்ணையும் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கத்தோடு சேர்த்தே எழுதுங்கள். வரிசை திருத்தப்படும்போது மாறுவது அந்தக் கடைசி இலக்கம்தான்.