வயிற்றுவலிக்குப் பின்னால் இருந்த பயம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். தேர்வு என்றாலே "மிஸ், வயிறு வலிக்குது" என்பாள் ஒரு மாணவி. டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை என்றார். அதற்காக அது நடிப்பு இல்லை. பயம் வந்தால் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், செரிமானம் தடுமாறும். வலி நிஜமான வலிதான். இதை விளக்கியதும், "அப்போ எனக்குப் பெரிய வியாதி எதுவும் இல்லையா மிஸ்?" என்று கேட்டாள். பாவம், இந்தக் கேள்வியையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள்.

லீவு போட்டால் அன்றைக்கு நிம்மதி. அடுத்த தேர்வுக்குப் பயம் இன்னும் கூடும். அவள் அம்மாவுக்கு இதைப் புரியவைக்கத்தான் நேரம் பிடித்தது. அப்புறம் மெதுவாகப் பழக்கினோம்: முதலில் என்னிடம் மட்டும் வாய்மொழியாக ஒரு கேள்வி, பிறகு தோழி பக்கத்தில் இருக்க ஒரு சின்ன டெஸ்ட். வினாத்தாள் கைக்கு வந்ததும் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். தெரிந்த கேள்வியை முதலில் எழுத வேண்டும். காலாண்டுத் தேர்வில் கை நடுங்கியதாம், ஆனாலும் முழுசாக எழுதிவிட்டாள்.

"இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று மட்டும் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநலச் சேவை. 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.