பர்சன்டேஜைக் குறைத்துவிட்டார்களா? முதலில் மதிப்பீட்டுத் தாளை வாங்குங்கள்

எனக்கு முடக்குவாதம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. குடியாத்தத்தில் தையல் தைத்துக்கொண்டிருந்தேன், இப்போது ஊசியில் நூல் கோர்க்கவே பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறேன். முதல் மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டில் உடல் குறைபாடு 78 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். அது தற்காலிகச் சான்று, காலம் முடிந்து புதுப்பிக்கப் போன மருத்துவ முகாமில் 54 ஆகிவிட்டது. எந்த ஊர் முகாம் என்பது இங்கே வேண்டாம். நடுவில் என் கையும் காலும் தேறிவிடவில்லை, ஆனால் 75-க்குக் கீழே இறங்கியதும் மாதாமாதம் வந்துகொண்டிருந்த 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை நின்றது. திரும்ப வாங்க ஏழு மாதம் அலைந்தேன். அதில் பாதி வீண் அலைச்சல். அந்தப் பாதியை நீங்கள் மிச்சப்படுத்தலாம் என்றுதான் எழுதுகிறேன்.

தப்பில் கொஞ்சம் என் பங்கும் உண்டு. அன்றைக்குக் காலையில் பஸ் ஏற வேண்டுமே என்று வலி மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன், தலை வாரி நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன் (கட்டிவிட்டது என் மகள், அது யாருக்குத் தெரியும்?). டாக்டர் நிமிர்ந்து பார்த்து "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார். "பரவாயில்லை சார்" என்றேன். நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், வீட்டுக்கு வந்த விருந்தாளி கேட்டாலும் அதே பதில்தான். "நடக்க முடியுதா?" "ஏதோ நடக்கறேன் சார்." ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் அவர் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தாளில் இருந்திருக்க வேண்டும். என் பையில் ஒரு தாளும் இல்லை.

சரி, குறைத்துவிட்டார்கள். இப்போது யாரிடம் போவது? நான் முதலில் ஓடியது தாலுகா ஆபீசுக்கு. அங்கே பர்சன்டேஜைப் பற்றிப் பேசி ஒரு பயனும் இல்லை, அவர்களால் அந்த எண்ணைத் தொடவே முடியாது. எண்ணைப் போடுவது மருத்துவக் குழு. அந்த எண்ணைப் பார்த்துப் பணத்தைக் கொடுப்பதும் நிறுத்துவதும் வேறு அலுவலகம். பராமரிப்பு உதவித்தொகை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், வருவாய்த் துறை தரும் 1,500 ரூபாய் ஓய்வூதியம் என்றால் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார். எண் தப்பு என்றால் மருத்துவப் பக்கம் மேல்முறையீடு. எண் சரியாக இருந்தும் பணம் நின்றிருந்தால் அலுவலகப் பக்கம் மனு. இரண்டையும் ஒரே மனுவில் குழப்பி எழுதினால் அது இங்கும் அங்குமாக உருண்டுகொண்டே இருக்கும்.

எந்த மாவட்டம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-ல் எங்கள் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கத்து ஆட்கள் பழக்கதோஷத்தில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் வந்து நிற்கிறார்கள். அவர்கள் போக வேண்டியது ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூர்.

இன்னொன்று. உங்கள் வியாதி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கை கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற வகையில் அந்த 2,000 ரூபாய்க்கு 75 சதவீதம் வேண்டும். ஆனால் தசைச்சிதைவு, பார்க்கின்சன், தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் என்ற வகைகளில் 40 இருந்தாலே போதும். கரிகிரி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக் குணமாகி, விரல் மடங்கிப்போனவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி ஒருவருக்கு 78 குறைந்து 54 ஆனாலும் அந்தத் தொகை நிற்கக் கூடாது. நின்றிருந்தால் சண்டை எண்ணோடு இல்லை, வகையோடு.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. முடக்குவாதம் என்ற பெயர் அதில் இல்லை, சிறுநீரகக் கோளாறும் இல்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோபிலியா, தலசீமியா போன்றவை இருக்கின்றன. எனக்கு வாதம் இருக்கிறது என்று சொல்லிச் சதவீதம் வாங்க முடியாது. அந்த வாதத்தால் மூட்டு எவ்வளவு மடங்கவில்லை, பிடியில் எவ்வளவு பலம் போயிற்று என்பதற்குத்தான் எண். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு மூன்று மாதம் ஆனது, நான் பாட்டுக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

முதல் வேலை, மதிப்பீட்டுத் தாளை வாங்குவது. சர்டிபிகேட்டில் மொத்த எண் மட்டும்தான் இருக்கும், அதற்குள்ளே எந்த உறுப்புக்கு எவ்வளவு போட்டார்கள் என்ற கணக்கு ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, அந்த மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "இந்தத் தேதியில் எனக்குச் செய்த மதிப்பீட்டின் முழுப் படிவம், உறுப்பு வாரியாகப் போட்ட சதவீதம், குழுவின் குறிப்புகள், இவற்றின் நகல் வேண்டும்" என்று மட்டும் எழுதுங்கள். ஏன் குறைத்தீர்கள் என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது, தாளைக் கேட்டால்தான் தாள் வரும். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் அதே சட்டத்தில் முதல் மேல்முறையீடு. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் சீல் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

தாள் வந்ததும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்துவார்கள், சில சமயம் ஏமாற்றே இருக்காது. காலுக்கு 45, கைக்கு 30 என்றால் மொத்தம் 75 ஆகாது. பெரிய எண்ணை 90-லிருந்து கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். 90-ல் 45 போனால் 45, அதை 30-ஆல் பெருக்கினால் 1,350, வகுத்தால் 15. ஆக மொத்தம் 60. என் பழைய தாளில் காலுக்கு 60, கைக்கு 54, அதனால் 78. புதுத் தாளில் காலுக்கு 54 போட்டு, கைக்கான கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தார்கள். என் கையை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அந்த ஒரு காலிக் கட்டம்தான் கடைசியில் என் வழக்கு. "நான் ரொம்பக் கஷ்டப்படுகிறேன்" என்று நாலு பக்கம் எழுதியிருந்தால் எவரும் படித்திருக்க மாட்டார்கள்.

காலின் ஸ்திரத்தன்மையை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் போய் நிற்காதீர்கள். ஒன்பது செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதம். சமதரையில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, இரண்டு காலில் நிற்பது, பாதித்த காலில் மட்டும் நிற்பது, குந்துவது, சம்மணம் போடுவது, முட்டி போடுவது, திரும்புவது. இதில் எதையெல்லாம் உங்களைச் செய்யச் சொன்னார்கள் என்று அன்றைக்கே வீட்டுக்கு வந்து எழுதி வையுங்கள். என்னை நடக்கச் சொன்னதோடு சரி. மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டி 2018-ல் வந்தது, 2024-ல் திருத்தினார்கள். உங்கள் மதிப்பீடு நடந்த தேதிக்கு எது பொருந்துமோ அதைக் குறிப்பிடுங்கள்.

அடுத்தது ஆதாரம். வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கடிதம் கேளுங்கள், சிஎம்சியோ அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ தனியார் கிளினிக்கோ, எங்கே பார்த்தாலும் சரி. தனியார் டாக்டர் போடும் சதவீதம் செல்லாது, அதனால் "75 போட்டுக் கொடுங்க டாக்டர்" என்று அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். எந்தெந்த மூட்டு, எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடி எப்படி, காலை விறைப்பு எத்தனை மணி நேரம், எத்தனை வருடமாக, என்ன மருந்து, அதன் பக்கவிளைவு என்ன, மாதத்தில் எத்தனை நாள் மோசமாகிறது, இவ்வளவும் இருந்தால் போதும். நெரிசலான ஓபியில் இதையெல்லாம் வாயால் சொன்னால் நிற்காது, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். பழைய மருத்துவக் குறிப்புகளின் நகலை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறையே சொல்கிறது, தயங்காமல் கேளுங்கள்.

கூடவே ஒரு நோட்டு. இதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். நாள்பட்ட வியாதிக்காரர்களுக்கு ஒரு நாள் போல் ஒரு நாள் இருக்காது. ஆடியில் ஓடியாடுவோம், மார்கழியில் கட்டிலை விட்டு இறங்க முடியாது. முகாமில் பார்ப்பது ஒரு நாள், மீதி 29 நாளை நோட்டுதான் சொல்லும். "வலி அதிகம்" என்று எழுதாதீர்கள், அது எல்லோரும் எழுதுவது. "குக்கர் மூடியைத் திறக்க முடியவில்லை, மகள் வரும்வரை சாப்பிடவில்லை." "பாகாயம் பஸ்ஸில் படி உயரம், கண்டக்டர் கை கொடுத்து ஏற்றினார்." "துணியைப் பிழிய முடியாமல் சொட்டச் சொட்டக் காயப் போட்டேன்." இப்படி எழுதுங்கள். மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் ஓடியது, அப்புறம் என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்கா ஒருவர், ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுற்றினேன் என்ற கம்பெனிப் புத்தகத்தையே ஆதாரமாகக் கொண்டு போனார். 700 இருந்த இடத்தில் 150. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கூட்டிச் சொல்லாதீர்கள். பொய் சொல்லி இந்தச் சலுகைகளை வாங்கினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு சொல்கிறது. அதைவிட, நொண்டிக் காட்டுவதை டாக்டர்கள் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் நிஜமான வலியையும் நம்ப மாட்டார்கள். முகாமுக்காக மருந்தை நிறுத்துவதும் வேண்டாம். போட்டதைப் போட்டேன் என்று சொல்லுங்கள், அது இல்லாமல் எப்படி இருப்பேன் என்பதையும் சொல்லுங்கள்.

மேல்முறையீட்டுக் கடிதம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு என்று தலைப்பிலேயே போடுங்கள், மேல்முறையீட்டு அதிகாரியின் விலாசத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய எண், புது எண், இரண்டு தேதிகள். எந்த உறுப்பைப் பார்க்கவில்லை, எந்தச் செயலைச் செய்யச் சொல்லவில்லை, கணக்கு எங்கே இடிக்கிறது. கடைசியில் ஒரே கோரிக்கை: வேறு குழுவை வைத்து மறுமதிப்பீடு. யாரையும் திட்டாதீர்கள். எனக்கும் கை துறுதுறுத்தது, என் தம்பி அந்தப் பத்தியைப் பேனாவால் அடித்துவிட்டான், நல்லவேளை. கெடு எத்தனை நாள் என்று விசாரித்துக்கொண்டே காலத்தை ஓட்ட வேண்டாம், தாள் கைக்கு வரத் தாமதமானால்கூட முதலில் கடிதத்தை அனுப்பிவிட்டு, தாள் வந்ததும் கூடுதல் விவரமாகச் சேருங்கள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் ஒரு நகல் கொடுப்பது நல்லது. கலெக்டர் பர்சன்டேஜை மாற்ற மாட்டார், ஆனால் மனு எண் ஒன்று கிடைக்கும், பிறகு யாரிடம் பேசினாலும் அந்த எண்ணைச் சொல்லலாம். கூட்டம் அதிகம், சீக்கிரம் போங்கள், தண்ணீரும் மாத்திரையும் பையில் இருக்கட்டும், கூட ஒருவர் வரட்டும். 1100-க்கு போன் செய்தும் பதியலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் சென்னையில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். வக்கீல் வேண்டுமென்றால் காசு தேட வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். நான் அதுவரை போக நேரவில்லை.

நடுவில் வீட்டுச் செலவுக்கு? 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வருவாய்த் துறையின் 1,500 ரூபாய் ஓய்வூதியத்துக்கு வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆதரவற்ற நிலை போன்ற நிபந்தனைகள் உண்டு, இரண்டு தொகையையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. மேல்முறையீடு ஜெயித்தால் எதை வைத்துக்கொள்வது என்பதையும் அப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸில் 75 சதவீதக் கட்டணச் சலுகைக்கும் 40 போதும், குறைத்துவிட்டார்களே என்று வெறுத்துப்போய் அதையும் விட்டுவிடாதீர்கள்.

மறுமதிப்பீட்டு நாளில் வழக்கமான மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு, வழக்கமான நைட்டிக்கு மேல் துப்பட்டாவோடு போனேன். மகளை உள்ளே கூட்டிப் போனேன். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று அதே கேள்வி. நாக்கு நுனி வரை வந்த பரவாயில்லையை விழுங்கிவிட்டு, "சார், இன்னிக்கு காலையில என் தலையை நானே வாரலை" என்றேன். கையை நீட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார்கள், கோணமானியை வைத்து அளந்தார்கள். காலுக்கு 60, கைக்கு 48. மொத்தம் 76.

புதுச் சான்று கையில் வந்ததும் யுடிஐடி கார்டில் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், சான்றில் ஒன்று கார்டில் ஒன்று என்றால் மறுபடி சிக்கல். நகலை நல அலுவலகத்தில் கொடுத்து உதவித்தொகையைத் திரும்பத் தொடங்கச் சொல்லி ஒரு மனு, நின்றுபோன மாதங்களின் பாக்கியைக் கேட்டுத் தனியாக இன்னொரு மனு. இரண்டுக்கும் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.