பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம் நிற்கும். "சார், 430 எடுத்திருக்கான். ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா?" மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்திய காலம் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரூப்பை முடித்தால் எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், எதற்கெல்லாம் முடியாது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைக் கேட்க வேண்டிய நாள் அதுதான். இரண்டு வருடம் கழித்துக் கவுன்சலிங் நேரத்தில் வந்து கேட்ட பிள்ளைகளுக்கு வருத்தத்தைத் தவிர வேறெதையும் என்னால் தர முடிந்ததில்லை.

அதிகம் பார்த்த தவறு, கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படிக்க பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டாயம் என்று நம்புவது. தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் தரவரிசையைத் தீர்மானிக்கும் கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நான்காவது பாடம் உயிரியலா கம்ப்யூட்டர் சயின்ஸா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. கணிதம்–உயிரியல் குரூப் படித்த பெண் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்கில் தாராளமாகச் சேரலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பையனோ பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு விண்ணப்பமே போட முடியாது. இன்னும் மனம் முடிவாகாத பிள்ளைக்குக் கணிதம்–உயிரியல்தான் நல்லது என்பேன். ஆனால் உயிரியல் பாடப்புத்தகம் கனமானது. அதைப் படிக்கவே நேரம் போய்க் கணிதத்தில் மதிப்பெண் குறைந்தால் நஷ்டம் பெரிது. கணிதத்தில் இழக்கும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் இழக்கும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம்.

மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து நிம்மதியாக இருப்பதும் இதையொட்டிய தவறுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவன் தமிழ் 97, ஆங்கிலம் 95, கணிதம் 78, இயற்பியல் 86, வேதியியல் 90, கம்ப்யூட்டர் சயின்ஸ் 99 என்று 600-க்கு 545 வாங்குகிறான். இன்னொருத்தி தமிழ் 85, ஆங்கிலம் 80, கணிதம் 96, இயற்பியல் 90, வேதியியல் 88, கம்ப்யூட்டர் சயின்ஸ் 91 என்று 530 வாங்குகிறாள். தெருவில் பாராட்டு முதலாமவனுக்கு. கட்-ஆஃப் அவனுக்கு 166, அவளுக்கு 185. கவுன்சலிங்கில் இந்தப் 19 மதிப்பெண் இடைவெளிக்குள் ஆயிரக்கணக்கான பேர் வந்து நின்றுவிடுவார்கள்.

அடுத்தது "டாக்டருக்குத்தான் படிக்கப் போகிறாள், கணிதம் எதற்கு?" என்று தாவரவியல், விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ் குரூப்பில் சேர்ப்பது. நீட் 720 மதிப்பெண்ணில் பாதி, அதாவது 360, உயிரியலிலிருந்து வருவது உண்மைதான். ஆனால் நீட் கைகூடாவிட்டால் பொறியியல் கதவு மூடியிருக்கும். கணிதத்தில் நன்றாக ஓடும் பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்காதீர்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் விதியைத் தளர்த்தி, பிளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர்களும் பின்னால் அதை அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் கூடுதல் பாடமாக எழுதித் தேறி நீட் எழுதலாம் என்று அறிவித்தது. விட்டுப்போன உயிரியலுக்குத் திரும்பி வர ஒரு வழி இருக்கிறது. இரண்டு வருடம் கையிலிருந்து நழுவிய கணிதத்தைப் பதினெட்டு வயதில் தனியாக உட்கார்ந்து பிடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நீட் கோச்சிங்கில் சேர்ந்த பிறகு பிளஸ் டூ தேர்வை 'பாஸ் பண்ணினால் போதும்' என்று விடுவது இன்னும் வேதனையானது. தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், வேளாண்மை எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கிடைக்கின்றன. நீட்டில் சறுக்கிய பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய படிப்புகள் இவை. பொறியியலுக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. எழுதுபவர்களுக்கும் இதே கதைதான். மத்திய அரசின் பொறியியல் நிறுவனமான என்.ஐ.டி.யில் சேர ரேங்க் மட்டும் போதாது. பிளஸ் டூவில் 75 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65) இருக்க வேண்டும், அல்லது தங்கள் வாரியத்தின் முதல் 20 பெர்சன்டைலுக்குள், அதாவது தேறியவர்களில் முதல் 20 சதவீதம் பேருக்குள், வந்திருக்க வேண்டும்.

இப்போது சொல்லப்போவதை அரசுப் பள்ளிப் பெற்றோர்கள் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னுக்கு மட்டும் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. கடைசி இரண்டு வருடம் வெளியே போனால் அந்த உரிமை போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் போய்விடும். என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்த ஒரு மாணவி அப்படி மாறினாள். திரும்பி வந்து, "சார், எனக்கும் அந்த ஒதுக்கீடு உண்டுதானே?" என்று கேட்டாள். அவள் அப்பா வாசலுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். டி.சி. வாங்கிய அன்று யாராவது ஒருவர், நான் உட்பட, அதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

காமர்ஸ் எடுப்பவர்களுக்குச் சி.ஏ., ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு இரண்டுக்கும் எந்தக் குரூப்பும் தடையில்லை. ஆனால் பொருளாதாரம் படிக்க டெல்லிப் பல்கலைக்கழகம் போகும் ஆசை இருந்தால், அங்கே பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரத்துக்குப் பன்னிரண்டில் கணிதம் படித்திருக்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. அதில் எந்தப் பாடங்களை எழுதுவது என்பதையும் சேரப்போகும் படிப்பின் விதியைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடலோர மாவட்டப் பையன்களுக்கு ஒரு வார்த்தை. கப்பல் அதிகாரி படிப்புக்கு இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 சதவீதம் கேட்பார்கள் என்பது பலருக்குத் தெரியும். பத்தாவதிலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதம் வேண்டும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) மூலம் கடற்படைக்கோ விமானப்படைக்கோ போக நினைத்தாலும் இயற்பியலும் கணிதமும் இல்லாமல் முடியாது.

2025–26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. இதை ஓய்வு வருடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீட்டும் ஜே.இ.இ.யும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேள்வி கேட்கின்றன. கரிம வேதியியலின் அடிப்படை பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்து வந்தவர்களுக்குப் பன்னிரண்டில் வினைவழிமுறைகளை நடத்தி நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

தவறான குரூப்பில் சேர்ந்துவிட்டதாகத் தோன்றினால் காலாண்டுத் தேர்வு வரைக்கும் காத்திருக்காதீர்கள். முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே பிள்ளையையும் அழைத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். கேட்கும் குரூப்பில் இடம் இருந்தால் அப்போது மாற்றிக் கொடுப்பது எளிது. பெயர்ப் பட்டியல் தேர்வுத் துறைக்குப் போன பிறகு அவர் நினைத்தாலும் கையைக் கட்டிப் போட்டதுபோல்தான்.