ஸ்வால்பார்டு தீவுகளைக் கப்பலில் சுற்றிவர: புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஸ்வால்பார்டு பயணத்துக்கான விளம்பரத் தாள் எதை எடுத்துப் பார்த்தாலும், தீவுகளைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு வரைந்திருக்கும். அந்தக் கோட்டை நம்பாமல் இருக்க முதலில் பழகிக்கொள்ள வேண்டும். நார்வேயின் வட கரைக்கும் வடதுருவத்துக்கும் ஏறத்தாழ நடுவில், 74 முதல் 81 பாகை வட அட்சரேகை வரை சிதறிக் கிடக்கும் இந்தத் தீவுக்கூட்டத்தில் கப்பல் எங்கே போகும் என்பதைக் கடற்பனியும் காற்றும் மூடுபனியுமே தீர்மானிக்கின்றன. பயணத் தலைவர் இரவு உணவுக்கு முன் மறுநாள் திட்டத்தை விளக்குவார். காலையில் அதையே மாற்றியும் அறிவிப்பார். ஆகவே இரண்டு பயணங்களை ஒப்பிடும்போது எத்தனை இடங்களின் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன என்று எண்ணாமல், கப்பலை விட்டு இறங்கி வெளியே இருக்கப்போகும் நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். நீங்கள் பணம் கொடுப்பது அந்த நேரத்துக்குத்தான்.

அந்த நேரத்தைப் பெரும்பாலும் கப்பலின் அளவே நிர்ணயிக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் நார்வே விதிகளின்படி, தீவுக்கூட்டத்தின் பெரும்பகுதியாக உள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக் கூடாது. அங்கே கரையிறங்கவும் 43 இடங்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. 200 பேரை ஏற்றிய கப்பல் விதிக்கு உட்பட்டதுதான் என்றாலும், அத்தனை பேரும் ஒரே வேளையில் கரையில் நிற்க முடியாது என்பதால் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு திரும்பிய பிறகு அடுத்ததை அனுப்புவார்கள். நூறு பேருக்கும் குறைவான கப்பலில் இந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் கட்டணம் கூடுதலாக இருக்கும், கடல் கொந்தளித்தால் ஆட்டமும் கூடுதலாக இருக்கும். முன்பதிவுக்கு முன் மின்னஞ்சலில் நான்கு கேள்விகளைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: மொத்தப் பயணிகள் எத்தனை பேர், ஸோடியாக் எனப்படும் ரப்பர் படகுகள் எத்தனை, வழிகாட்டிகள் எத்தனை பேர், எல்லாப் பயணிகளும் ஒரே நேரத்தில் வெளியே செல்ல முடியுமா. இவற்றுக்கு எண்ணிக்கையோடு பதில் சொல்லாமல் சுற்றி வளைக்கும் நிறுவனத்தை நான் விலக்கிவிடுவேன்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். வடதுருவப் பகுதி என்றதும் வானில் பச்சை ஒளி ஆடும் என்று எதிர்பார்த்து ஜூலையில் போய் இறங்குகிறார்கள். தீவுகளின் தலைமை ஊரான லாங்இயர்பியன் நகரில் ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 23 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. இருட்டாத வானில் துருவ ஒளியைப் பார்க்க வழியில்லை. மே மாதமும் ஜூன் தொடக்கமும் பனி மூடிய மலைகளுக்கும் ஃபியோர்டு எனப்படும், நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்கழிகள் உறைந்து கிடப்பதைப் பார்ப்பதற்கும் ஏற்ற காலம்; ஆனால் வடக்கும் கிழக்கும் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். மேற்குக் கரையில் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் பனியைத் தள்ளி வைப்பதால், அந்தப் பக்கம் எப்போதும் முதலில் திறக்கும். தலைமைத் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனை முழுவதுமாகச் சுற்றிவர வேண்டும் என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை நம்பிக்கை வைக்கலாம், உறுதி வைக்க முடியாது. செப்டம்பரில் மலைகள் பழுப்பும் சிவப்புமாக மாறியிருக்கும், அந்தி நீண்டிருக்கும், துருவ ஒளிக்கும் வாய்ப்பு உண்டு. பாறைச் சுவர்களில் மட்டும் பறவைகள் இருக்காது.

பறவைகளுக்காகவே போகிறவர் ஜூலையைத் தவறவிடக் கூடாது. ஹின்லோபன் நீரிணையில் ஆல்கஃபியெல்லட் என்றொரு செங்குத்துப் பாறைச் சுவர் நூறு மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. அதன் விளிம்புகளில் ஏறத்தாழ 60,000 இணை கில்லிமாட் பறவைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு கூடு கட்டாமலே முட்டையிடுகின்றன. ஜூலை இறுதியில், பிறந்து மூன்று வாரமே ஆன, இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள் அந்த உயரத்திலிருந்து கடலில் குதிக்கும். கீழே தந்தைப் பறவை காத்திருந்து குஞ்சைக் கூட்டிக்கொண்டு நீந்திப் போகும். அந்தச் சுவரின் அடியில் படகில் போகும்போது தொப்பி அவசியம். அண்ணாந்து பார்க்கையில் வாயை மூடிக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

இனி விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இடறி விழும் இடம் இதுதான். 1920 பிப்ரவரி 9 அன்று கையெழுத்தான ஸ்வால்பார்டு ஒப்பந்தம் தீவுகளின் ஆட்சியுரிமையை நார்வேக்குக் கொடுத்ததோடு, ஒப்பந்த நாடுகளின் குடிமக்கள் அங்கே சென்று தொழில் செய்யச் சம உரிமையையும் கொடுத்தது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும் அதில் ஒரு தரப்பு. எனவே ஸ்வால்பார்டுக்குத் தனி விசா கிடையாது. ஆனால் அங்கே போகும் விமானம் ஆஸ்லோ அல்லது ட்ரோம்சோ வழியாகத்தான் செல்கிறது, அதற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். ஸ்வால்பார்டு ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், ஆஸ்லோவில் விமானம் ஏறியதும் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர் ஆகிறீர்கள்; திரும்பும்போது இரண்டாவது முறையாக நுழைகிறீர்கள். ஒற்றை நுழைவு விசா வைத்திருந்தால் திரும்ப வழியில்லை. விண்ணப்பத்திலேயே இரட்டை நுழைவோ பல நுழைவோ என்று குறிப்பிட்டு, காரணத்தையும் முகப்புக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். விசா கைக்கு வந்தவுடன் நுழைவு எண்ணிக்கையைச் சரிபாருங்கள். இதே காரணத்தால் ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும் என்று எழுதிய காப்பீடும் போதாது. ஸ்வால்பார்டின் பெயரும், அவசர மீட்பு விமானச் செலவும் காப்பீட்டுப் பத்திரத்தில் இருக்க வேண்டும். லாங்இயர்பியனில் இருப்பது சிறிய மருத்துவமனை. பெரிய சிகிச்சைக்கு ட்ரோம்சோவுக்குத்தான் அனுப்புவார்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை இரு பங்காக எடுத்து, ஒரு பங்கைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் வெப்ப நாட்டுக்காரர்கள் பயத்தில் தேவைக்கு மேல் வாங்கிவிடுகிறோம். கோடையில் அங்கே வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்கும் எட்டு டிகிரிக்கும் இடையில்தான் இருக்கும். வாட்டுவது குளிரைக் காட்டிலும் காற்றும் ஈரமும்தான். மெரினோ கம்பளியாலான மெல்லிய உள்ளாடை, அதன்மேல் வெதுவெதுப்பான ஃப்ளீஸ் சட்டை ஒன்று, அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத மேலங்கி என்று மூன்று அடுக்காக உடுத்தினால், மலைச்சரிவில் ஏறும்போது ஒன்றைக் கழற்றவும் படகில் உட்காரும்போது மாட்டிக்கொள்ளவும் வசதியாக இருக்கும். பருத்தி பனியனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வியர்வையில் நனைந்தால் அது உலராமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரைக் கூட்டும். நீர் புகாத கால்சட்டை கட்டாயம். அதன் கால்பகுதி ரப்பர் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் அலை நீர் நேராகப் பாதத்தில் இறங்கிவிடும். பூட்ஸையும் மேலங்கியையும் பல கப்பல்களில் அவர்களே தருவார்கள் என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். கையுறை இரண்டு இணை வேண்டும்: விரல் அசைக்க வசதியான மெல்லியது ஒன்று, அதன்மேல் போடத் தடித்தது ஒன்று. நான் படமெடுப்பதற்காகத் தடித்த கையுறையைக் கழற்றிக் கப்பலின் கைப்பிடிக் கம்பியில் வைத்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. கழுத்தில் மாட்டும் கயிற்றோடு கோத்து வைப்பதே புத்திசாலித்தனம். கண்ணை மறைக்கும் துணி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு வெயிலில் தூக்கம் வராது.

முதல் முறை கரையிறங்குவதற்கு முன், கொண்டுவந்த உடைகளையும் பைகளையும் பரிசோதிப்பார்கள். உடையின் ஒட்டுப்பட்டையில் (வெல்க்ரோ) சிக்கியிருக்கும் விதைகளைக்கூட உறிஞ்சு கருவியால் எடுத்து, பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவச் சொல்வார்கள்; அந்நிய விதை ஒன்று அங்கே முளைத்துவிடக் கூடாது என்பதே காரணம். வீட்டிலேயே சுத்தம் செய்து கொண்டுபோனால் அந்த வரிசையில் நேரம் மிஞ்சும்.

ஸோடியாக்கில் ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. இரு கைகளும் காலியாக இருக்க வேண்டும். கேமரா பைக்குள், பை முதுகில். படகோட்டி நீட்டும் கையை உள்ளங்கையோடு பிடிக்காமல், அவர் மணிக்கட்டை நீங்களும் உங்கள் மணிக்கட்டை அவரும் பற்றிக்கொள்ள வேண்டும். ஈரத்தில் ஒரு கை வழுக்கினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். படகு அலையோடு மேலே வரும் கணத்தில் முதலில் ரப்பர் விளிம்பில் ஒரு கால், பிறகு உள்ளே இருக்கும் படியில், பிறகு தரையில். உடனே உட்கார்ந்து நகர்ந்து செல்ல வேண்டும். குதிக்கக் கூடாது. படகு எத்தனை மெதுவாகப் போனாலும் அனுமதி கேட்காமல் எழுந்து நிற்கக் கூடாது.

பனியாற்றின் முகப்புக்குப் போகும் நாள்தான் பலருக்கும் நினைவில் தங்கும். ஸ்வால்பார்டு நிலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் பனியாறுகளால் மூடப்பட்டது. லீஃப்டெஃபியோர்டின் கோடியில் இருக்கும் மொனாக்கோ பனியாறு, கடலாய்வில் ஈடுபட்ட மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் நினைவாகப் பெயர் பெற்றது. கிழக்கே ஆஸ்ட்ஃபோனா பனிமுடி 160 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுவராகக் கடலில் வந்து நிற்கிறது, கோடையில் அதன் விளிம்பிலிருந்து அருவிகள் நேராக உப்புநீரில் விழும். படகு முகப்பிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளியே நிற்கும். இன்னும் கிட்டே போகச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். சுவரிலிருந்து ஒரு துண்டு உடைந்து விழுந்தால் எழும் அலை கரையோரம் நிற்பவர்களையும் அடித்துச் சாய்க்க வல்லது, நீருக்கடியில் உடையும் பனிக்கட்டி எச்சரிக்கை இல்லாமல் மேலே எழும். எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. நிறுத்தியதும், சுற்றிலும் மிதக்கும் கட்டிகள் தாளிப்பில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று வெடிக்கும். பனி இறுகிய காலத்தில் உள்ளே அடைபட்ட காற்று உருகலில் விடுபடும் ஓசை அது. சுவரின் அடியில் ஓரிடத்தில் மட்டும் நீர் பழுப்பாகக் கலங்கி, அங்கே கிட்டிவேக் என்னும் கடற்காகங்கள் கூட்டமாக மொய்த்தால், அடியிலிருந்து உருகுநீர் பாய்ந்து நுண்ணுயிர்களை மேலே கொண்டுவருகிறது என்று அறியலாம். சத்தம் கேட்ட பிறகு திரும்பிப் பார்த்தால் காட்சி கிடைக்காது. வெடியோசை காதில் விழும்போது கட்டி ஏற்கெனவே விழுந்திருக்கும். ஆகவே கேமராவைச் சுவரை நோக்கி நிலைநிறுத்திப் பொறுமையாக இருப்பவருக்கே படம் கிடைக்கும். மின்கலங்களை உட்பையில் உடற்சூட்டில் வையுங்கள். கப்பலுக்குத் திரும்பியதும் கேமராவைப் பைக்குள் மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் உள்ளே நீராவி படியாது.

பனிக்கரடியைப் பற்றிச் சில உண்மைகள். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை கரடியிடமிருந்து 500 மீட்டரும் மற்ற மாதங்களில் 300 மீட்டரும் விலகி இருக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது வெறுங்கண்ணுக்கு அது ஒரு புள்ளி. பத்து மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி இல்லாமல் போகாதீர்கள். ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று சிக்கனம் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும். தேடும்போது வெண்மையைத் தேடாதீர்கள். பனிக்கு எதிரே கரடி வெண்ணெய் உருகிய மஞ்சளாகத் தெரியும். கரையிறங்கும்போது வழிகாட்டிகள் துப்பாக்கியும் ஒளிக்குண்டும் ஏந்தி முதலில் இறங்கிச் சுற்றிலும் பார்த்த பிறகே உங்களை அழைப்பார்கள். மூடுபனி கவிந்தால் அந்த இறக்கமே கைவிடப்படும். குழுவை விட்டு ஒதுங்காதீர்கள், கரடி தென்பட்டால் ஓடாதீர்கள், சொன்னபடி நெருங்கி நின்று படகுக்கு நடந்து செல்லுங்கள். ஆர்க்டிக் ஆலா என்ற சிறு பறவை கூட்டருகே வருபவரின் தலையைக் கொத்தும். கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால் அது கையைத் தாக்கும். பிறகு வந்த வழியே பின்வாங்குங்கள்.

மேற்குக் கரையில் கோங்ஸ்ஃபியோர்டில் இருக்கும் நி-ஆலெசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்புக்குக் கப்பல் போனால் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு (ஃப்ளைட் மோட்) மாற்றச் சொல்வார்கள். அங்குள்ள ரேடியோ தொலைநோக்கியைக் கருதிச் சுற்றிலும் 20 கிலோமீட்டருக்கு வைஃபையும் புளூடூத்தும் தடை. கடிகாரம், காதொலிக்கருவி, கேமரா இவற்றின் இணைப்பையும் அணைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2008 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இங்கேதான் இருக்கிறது. வெளியே நின்று படமெடுக்கலாம். உள்ளே பணி நடப்பதால் கதவைத் தட்டாமல் இருப்பது மரியாதை. 1926இல் துருவ ஆய்வாளர் அமுண்ட்சென் குழுவின் நார்ஜ் என்ற வான்கப்பலைக் கட்டி வைத்த உயர்ந்த கம்பமும் ஊருக்கு வெளியே நிற்கிறது. அங்கே நடக்கவும் ஆயுதம் ஏந்திய வழிகாட்டி உடன் வர வேண்டும்.

உணவில் பெரிய தொல்லை இல்லை. சைவம் என்றால் முன்பதிவுப் படிவத்திலேயே எழுதுங்கள். முட்டை, மீன் சேர்ப்பீர்களா என்பதையும் தெளிவாக்குங்கள். ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று பையில் இருந்தால் ஐந்தாம் நாள் நன்றியோடு நினைப்பீர்கள். ஃபியோர்டுகளுக்குள் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். திறந்த கடலுக்கு வரும் இரவுகளில் மட்டும் குமட்டல் மாத்திரையைத் தலைசுற்றல் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

கப்பல் ஏறும் நாளிலேயே லாங்இயர்பியனில் வந்து இறங்கும்படி பயணச்சீட்டு எடுக்காதீர்கள். மூடுபனியில் விமானம் திரும்பிப் போனால் கப்பல் காத்திருக்காது. ஒரு நாள் முன்னதாகவே வாருங்கள். 2025 வரை நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்த அங்கே பல விடுதிகளிலும் அருங்காட்சியகத்திலும் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சுரங்கத் தூசியை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருக்கத் தொடங்கிய வழக்கம் அது, நமக்குப் பழக்கமானதும்கூட. ஓட்டையில்லாத காலுறை போட்டுக்கொண்டால் போதும்.

திரும்பும்போது பையில் எதையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது. 1946க்கு முன் மனிதர் விட்டுச்சென்ற எந்தப் பொருளும், துருப்பிடித்த ஒரு ஆணியாக இருந்தாலும், சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது; பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் திமிங்கிலக் கொழுப்பைக் காய்ச்சிய ஸ்மீரன்பெர்க் கரையில் கிடக்கும் அடுப்புத் தடங்களையும் அங்கே சிதறிய எலும்புகளையும் மிதிக்காமல், வழிகாட்டி காட்டும் தடத்திலேயே நடந்து வாருங்கள்.